உயிர்த்தகவலியலும் பிரச்சினைவழிக் கற்பித்தலும்: பேராதனைச் சூழலை முன்வைத்து ஒரு நோக்கு

உயிரியல் என்பது அவதானித்து விபரிக்கும் ஒரு துறை என்ற கருத்து நெடுங்காலம் நிலவி வந்தது. தாவரவியலாளன் காட்டிற்குச் சென்றான். விலங்கியலாளன் நுணுக்குக்காட்டியின்முன் அமர்ந்தான். கணக்கும் கணிப்பும் பௌதிகவியலாளனுக்கு உரியன எனக் கொள்ளப்பட்டன. கடந்த அறுபது ஆண்டுகளில் இப்பாகுபாடு தகர்ந்துவிட்டது. இன்று உயிரியல் ஆய்வின் பெரும்பகுதி எழுத்துத் தொடர்களைச் சேமித்தல், ஒப்பிடுதல், அவற்றிலிருந்து பொருள் காணுதல் ஆகியவற்றில் தங்கியுள்ளது. இப்பணியைச் செய்யும் துறையே உயிர்த்தகவலியல் எனப்படுகின்றது. இத்துறையை நம் மாணவருக்கு எவ்வாறு கற்பிப்பது, பேராதனையையும் கண்டிப் பிரதேசத்தையும் களமாகக் கொண்டு அதனை எவ்வாறு அர்த்தமுள்ளதாக்குவது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறையின் தோற்றம்

உயிரினங்களின் பரம்பரைச் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறில் நான்கு மூலங்களின் வரிசையாக எழுதப்பட்டுள்ளது. அடினின், சைற்றோசின், குவானின், தைமின் என்பன அந்நான்கு மூலங்கள். புரதங்களோ இருபது வகை அமினோ அமிலங்களின் வரிசைகள். ஆகவே உயிரியற் செய்தியை ஒரு மொழிக்கு ஒப்பிடலாம். மொழி என்றால் அதற்குச் சுவடிகள் வேண்டும். சுவடிகளை ஒப்புநோக்கும் முறையும் வேண்டும்.

1950களின் முற்பாதியில் பிரெட்ரிக் சாங்கர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையைக் கண்டறிந்து புரதத்துக்கு நிலையான வரிசை உண்டு என்பதை நிறுவினார். 1965இல் ஐக்கிய அமெரிக்காவில் மாகரெட் டேஹொஃப் அம்மையார் அதுவரை அறியப்பட்ட 65 புரதங்களின் வரிசைகளை ஒரே நூலிற் தொகுத்து வெளியிட்டார். இன்றைய மாபெரும் தரவுத்தளங்களுக்கு மூதாதை அந்நூலே. 1970இல் நீடில்மன், வுன்ஷ் ஆகிய இருவரும் இரு வரிசைகளை மிகச் சிறந்த முறையில் நிரைப்படுத்துவதற்கான படிமுறையை வகுத்தனர். 1977இல் சாங்கர் குழுவினர் ஏறத்தாழ 5,400 மூலங்களைக் கொண்ட ஒரு பற்றீரியாத்தின்னி வைரசின் முழு வரிசையையும் வாசித்தனர். 1982இல் ஜென்பாங்க் என்னும் பொதுத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. 1990இல் பிளாஸ்ட் என்னும் விரைவுத் தேடல் முறை வந்தது. 2003இல் மனித ஜீனோமின் ஏறத்தாழ 300 கோடி மூலங்களின் வாசிப்பு நிறைவெய்தியதாக அறிவிக்கப்பட்டது. எஞ்சியிருந்த இடைவெளிகள் 2022 அளவில் நிரப்பப்பட்டன.

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜீ. என். இராமச்சந்திரனும் அவர்தம் சகாக்களும் 1963இல் வெளியிட்ட வரைபு, புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய முடியாது என்பதைக் கணித்துக் காட்டியது. புதிதாக அறியப்படும் புரத அமைப்பு எதுவாயினும் இன்றும் அவ்வரைபைக் கொண்டே சரிபார்க்கப்படுகின்றது. விலையுயர்ந்த கருவியிலும் பார்க்கத் தெளிவான வினாவும் கணிதச் சிந்தனையுமே இத்துறையின் மூலதனம் என்பதற்கு அது தக்க சான்றாகும்.

வழக்கமான கற்பித்தலின் குறைபாடு

உயிர்த்தகவலியல் பல இடங்களில் இரு வகையாகக் கற்பிக்கப்படுகின்றது. ஒன்று, விரிவுரை வழி: தரவுத்தளங்களின் பெயர்களும் படிமுறைகளின் வரைவிலக்கணங்களும் கரும்பலகையில் எழுதப்படுகின்றன, மாணவர் அவற்றை மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கின்றனர். மற்றையது, செய்முறை வழி: இன்ன வரிசையை இங்கே இட்டு, இன்ன பொத்தானை அழுத்துக என ஒரு தாள் வழங்கப்படுகின்றது; மாணவர் அழுத்துகின்றனர்; விடை வருகின்றது. அவ்விடை ஏன் வந்தது, அதனை எவ்வளவுக்கு நம்பலாம் என்ற வினாக்கள் எழுவதே இல்லை.

முதலாவது முறை பாடத்தைச் சொற்களாக்கிவிடுகின்றது. இரண்டாவது முறை மாணவரைக் கருவியின் இயக்குநராக்கிவிடுகின்றது. கருவிகளோ சில ஆண்டுகளில் வழக்கொழிந்து போகின்றன. ஒரு மென்பொருளின் பொத்தான்களை மட்டும் அறிந்த பட்டதாரி அம்மென்பொருளோடு தானும் பழையவராகிவிடுகின்றார்.

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் கொள்வோம். நான்கு மூலங்களையும் அ, சை, கு, தை எனச் சுருக்கிக்கொண்டால், ஒரு வரிசை 'அ கு தை சை அ' என்றும் மற்றையது 'அ கு சை அ' என்றும் இருக்கட்டும். பொருந்தும் ஒவ்வோரிடத்துக்கும் 1 புள்ளி கூட்டுவோம். பொருந்தாத இடத்துக்கு 1 புள்ளியும் வெற்றிடத்துக்கு 2 புள்ளியும் கழிப்போம். இரண்டையும் இடப்புறமிருந்து அப்படியே அடுக்கினால் முதலிரண்டு இடங்கள் பொருந்தும். அடுத்த இரண்டும் பொருந்தா. கடைசியில் ஒரு வெற்றிடம் எஞ்சும். மொத்தம் கழித்தல் 2. மாறாக, இரண்டாம் வரிசையின் நடுவே, 'தை'யின் நேரே ஒரு வெற்றிடத்தை இட்டால் நான்கு இடங்கள் பொருந்தும். மொத்தம் கூட்டல் 2. ஆகவே கூர்ப்பின் போக்கில் ஒரு மூலம் இழக்கப்பட்டது, அல்லது மற்றையதிற் செருகப்பட்டது என்ற விளக்கமே ஏற்புடையது என்கிறோம்.

இதனைத் தாளில் ஒரு தடவை தம் கையாற் செய்த மாணவன், வெற்றிடத்துக்கான தண்டப் புள்ளியை மாற்றினால் விடையும் மாறும் என்பதைத் தானே உணர்ந்துகொள்வான். விடைக்குள் ஆய்வாளனின் அனுமானம் ஒளிந்திருக்கின்றது என்னும் இவ்வுணர்வு பொத்தானை மட்டும் அழுத்துபவனுக்கு வாய்ப்பதில்லை.

பிரச்சினைவழிக் கல்வியும் ஹந்தெஸ்ஸவின் பாடமும்

1969இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, பிரச்சினையை முதலில் வைத்துக் கற்பிக்கும் முறையைத் தன் பாடத்திட்டத்தின் அடிப்படையாக்கிற்று. மாணவர் சிறு குழுக்களாக அமர்வர். ஒரு நோயாளியின் நிலை அவர்கள்முன் வைக்கப்படும். தமக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது எனப் பிரித்தறிந்து, தெரியாததைத் தேடிக் கற்றுத் திரும்பிவருவர். ஆசிரியர் விடை கூறுபவர் அல்லர், வினாக்களைக் கூர்மைப்படுத்துபவர். பின்னர் இம்முறை பல நாடுகளுக்கும் பிற துறைகளுக்கும் பரவிற்று.

எனினும், வாழ்க்கைப் பிரச்சினையிலிருந்து கல்வியைத் தொடங்குதல் நமக்குப் புதிய சங்கதி அன்று. கண்டி மாவட்டத்தின் ஹந்தெஸ்ஸ என்னும் ஊரின் பெயரால் அறியப்பட்ட கிராமியக் கல்வித் திட்டம் 1930களில், சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், ஆரம்பிக்கப்பட்டது. கிராமத்தின் பயிர்ச்செய்கை, சுகாதாரம், கைத்தொழில் ஆகியவற்றை மையமாகக் கொண்டு பாடங்களை அமைப்பதே அதன் உட்கிடக்கை. அத்திட்டம் நிலைக்கவில்லை. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் கொணர்ந்த தொழில்முன்னிலைப் பாடங்களும் 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின்னர் கைவிடப்பட்டன.

ஏன் இவை தோற்றன? கற்பித்தல் முறை பிழையானது என்பதனால் அன்று. நகரத்தின் பிள்ளைக்கு ஆங்கிலமும் உயர்பதவியும், கிராமத்தின் பிள்ளைக்கு மண்வெட்டியும் கைத்தொழிலும் என்ற பாகுபாட்டை இவை நிலைநிறுத்திவிடும் எனப் பெற்றோர் ஐயுற்றனர். அவ்வையம் நியாயமற்றது எனக் கூறிவிட முடியாது. பரீட்சையும் உத்தியோகமும் வேறொன்றை வேண்டிநிற்கையில், உள்ளூர் அறிவைப் போதிக்கும் பள்ளி இரண்டாந்தரப் பள்ளியாகவே கருதப்படும். சான்றிதழ் மோகம் கல்வியை விழுங்கும் விதத்தை 1976இல் ஒரு நூலாக விளக்கிய ரொனால்ட் டோர், இலங்கையைத் தம் முதன்மையான எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் கொண்டமை தற்செயலானதன்று.

இவ்வரலாறு நமக்கு இரண்டு நிபந்தனைகளைக் கற்பிக்கின்றது. முதலாவது, உள்ளூர்ப் பிரச்சினை உலக அறிவின் உயர்மட்டத்துக்கு இட்டுச்செல்ல வேண்டும். அதற்கு மாற்றீடாக அமையலாகாது. இரண்டாவது, மதிப்பீட்டு முறை மாறாதவிடத்துக் கற்பித்தல் முறை மாறுவதிற் பயனில்லை. உயிர்த்தகவலியல் முதலாவது நிபந்தனையை இயல்பாகவே நிறைவுசெய்யவல்லது. கேம்பிரிட்ஜில் உள்ள ஆய்வாளர் பயன்படுத்தும் அதே பொதுத் தரவைப் பேராதனையில் உள்ள மாணவரும் பயன்படுத்தலாம். பௌதிக ஆய்வுகூடத்தில் நிலவும் ஏற்றத்தாழ்வு இங்கே பெருமளவு குறைகின்றது.

கண்டிச் சூழலில் மூன்று செயற்றிட்டங்கள்

பேராதனை வளாகம் இதற்கென்றே அமைந்தது போன்ற இடம். மருத்துவம், விவசாயம், விஞ்ஞானம், பொறியியல் ஆகிய பீடங்களும், நாட்டின் ஒரேயொரு மிருக வைத்திய பீடமும் நடந்து செல்லும் தூரத்துள் உள்ளன. விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்பவியல் துறையும், பொறியியல் பீடத்திற் கணினிப் பொறியியல் துறையும் இயங்குகின்றன. அருகே கன்னொறுவையில் தாவரப் பரம்பரை வள நிலையம். ஹந்தானைச் சாரலில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவனம். மகாவலியின் வளைவில் 1821இல் அமைந்த தாவரவியற் பூங்கா. இச்சூழலிலிருந்து மூன்று பிரச்சினைகளை இங்கு எடுத்துக்காட்டுவோம்.

முதலாவது டெங்கு. 2017இல் இலங்கையில் சுமார் 186,000 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். கண்டி மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெங்கு வைரசில் நான்கு வகைகள் உள்ளன; 2017இல் மேலோங்கி நின்றது இரண்டாம் வகை. மாணவர்முன் வைக்கப்படும் வினா இதுவாகும்: அவ்வாண்டு பரவிய வைரசு முன்னரே இத்தீவில் இருந்ததன் வழித்தோன்றலா, வெளியிலிருந்து புதிதாக வந்ததா?

இவ்வினாவுக்கு விடை தேடும் குழு படிப்படியாக முழுப் பாடத்தையும் கடந்துசெல்லும். வைரசின் ஜீனோம் ஏறத்தாழ 10,700 மூலங்களைக் கொண்ட ஆர்.என்.ஏ.; அதில் தைமின் இல்லை, யூராசிலே உண்டு. ஆயினும் தரவுத்தளத்தில் தைமினின் குறியீடே காணப்படும். ஏன் இவ்வாறு எனக் கேட்கும் மாணவர், தரவு என்பது இயற்கை அன்று, இயற்கையைப் பற்றி மனிதர் வகுத்த வழக்காறு என்பதை அறிவர். அடுத்து, பல நாடுகளின் பல ஆண்டுகளுக்குரிய வரிசைகளைத் திரட்டுவர். சிலவற்றில் ஆண்டு இல்லை, சிலவற்றில் இடம் இல்லை எனக் காண்பர். பின்னர் நிரைப்படுத்துவர். வேறு வகை டெங்கு வைரசு ஒன்றைப் புறக்குழுவாகக் கொண்டு கூர்ப்பு மரம் வரைவர். அம்மரத்தின் ஒவ்வொரு கிளையும் எவ்வளவு உறுதியானது என்பதைத் தரவை மீளமீள மாதிரியெடுத்துச் சோதிப்பர். 1985இல் ஜோசப் ஃபெல்சென்ஸ்ரைன் இதற்கு வழிகாட்டியுள்ளார்.

இறுதியில் முக்கியமான ஒரு தடை எதிர்ப்படும். ஒரு நாட்டின் வரிசைகள் நூற்றுக்கணக்கிலும் இன்னொரு நாட்டினுடையவை விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவும் இருக்கும். எங்கே அதிகம் வாசிக்கப்பட்டதோ அங்கிருந்தே நோய் வந்தது போன்ற தோற்றத்தை மரம் தரக்கூடும். ஆகவே 'இன்ன நாட்டிலிருந்து வந்தது' என எழுத முற்பட்ட குழு, 'கிடைக்கும் தரவுள் இன்ன நாட்டின் வரிசைகளே மிக நெருங்கியவை' எனத் திருத்தி எழுத நேரும். அவ்வொரு வாக்கியத்தைத் திருத்தக் கற்றவன் விஞ்ஞானத்தின் பெரும்பகுதியைக் கற்றுக்கொண்டவனாவான்.

இரண்டாவது நெல். இலங்கையின் பாரம்பரிய நெல்லினமான ரத்து ஹீனட்டி, கபிலத் தத்தி என்னும் பீடையை எதிர்த்து நிற்பது. 1977இல் பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அவ்வெதிர்ப்புக்குரிய பரம்பரையலகு இனங்காணப்பட்டது. 2015இல் சீன ஆய்வாளர், அவ்வெதிர்ப்பு நான்காம் நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்து அமைந்த மூன்று பரம்பரையலகுகளின் கூட்டுச் செயல் எனக் காட்டினர். அவை கல மென்சவ்வில் அமைந்து, வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை உணரும் வாங்கிப் புரதங்களை ஆக்குவன. மூவாயிரத்துக்கு மேற்பட்ட நெல்லினங்களின் ஜீனோம் தரவு 2014 தொட்டுப் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டுள்ளது. நம் பிற பாரம்பரிய இனங்களில் அம்மூன்று பரம்பரையலகுகளும் உளவா, எவ்வடிவில் உள என வினவுவது மாணவருக்குத் தக்க செயற்றிட்டம்.

விதை நம் உழவர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பேணியது; அதன் செய்தியை வாசித்தவரோ பிறர். இதற்காகப் பிறரை நோவதிற் பயனில்லை. அவர்கள் தம் பணியைத் திறம்படச் செய்தனர். ஆனால் வாசிக்கத் தெரியாதவன் தன் வீட்டு உறுதியையும் அயலவனிடமே கொடுத்து வாசிப்பிக்க வேண்டியிருக்கும். உயிரியல் வளத்தின் மீதான உரிமை பற்றிப் பேசும் நாம், அவ்வளத்தை வாசிக்கும் ஆற்றலைப் பெறாதவரை அவ்வுரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.

மூன்றாவது லீஷ்மேனியா. வட இந்தியாவில் உள்ளுறுப்புகளைத் தாக்கி உயிர்குடிக்கும் காலா-அசார் நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா டொனோவானி என்ற அதே ஒட்டுண்ணி இனம், இலங்கையிற் பெரும்பாலும் தோலிற் புண்ணை மட்டுமே உண்டாக்குகின்றது. இங்கேயே தொற்றிய முதலாவது நோயாளி பற்றிய அறிக்கை 1992இல் வெளிவந்தது. இனம் ஒன்றாயிருக்க நோய் வேறுபடுவது ஏன்? ஒட்டுண்ணியின் ஜீனோம் சுமார் 3.2 கோடி மூலங்களும் எண்ணாயிரமளவிலான பரம்பரையலகுகளும் கொண்டது, வேறுபாடுகளோ பல. அவற்றுள் எது காரணம், எது வெறும் உடனிகழ்வு எனப் பிரித்தறிவதே மாணவருக்குரிய சவால். இதற்கு முற்றான விடை இன்னும் இல்லை. விடையற்ற வினாவை மாணவர்முன் வைக்க அஞ்சவேண்டியதில்லை. விடை தெரிந்த வினாக்களே அவர்களுக்குப் பழகிப்போனவை.

அயலவர் அனுபவம்

மாணவரின் உழைப்பு மெய்யான ஆய்வாகக் கூடுமா என ஐயுறுவோருக்கு இந்தியாவின் ஓர் அனுபவத்தைச் சுட்டலாம். 2008இல் இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் காசநோய் போன்ற நோய்களுக்கான திறந்தநிலை மருந்தாய்வுத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அதன் ஓர் அங்கமாகக் காசநோய்ப் பற்றீரியாவின் நாலாயிரமளவிலான பரம்பரையலகுகளையும் மீள வாசித்துக் குறிப்பெழுதும் பணி நூற்றுக்கணக்கான கல்லூரி மாணவரிடையே பகிரப்பட்டு, 2010இல் அதன் பேறுகள் வெளிப்படுத்தப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் 2006 முதல் பழ ஈயின் ஜீனோமைச் சீர்செய்யும் பணியில் இளநிலை மாணவர் ஈடுபடுத்தப்பட்டுள்ளனர். 2012இல் தொடங்கிய ரோசலின்ட் என்னும் பயிற்சித் தளமோ, சிறு சிறு புதிர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிரல் எழுதியே உயிர்த்தகவலியலைக் கற்கச் செய்கின்றது. இவை யாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: மாணவர் பார்வையாளராக அன்றி வேலையாளராகவே அறிவினுள் நுழைகின்றனர்.

வசதி, மொழி, மதிப்பீடு

கணினி வசதி போதாது என்பது அடிக்கடி கூறப்படும் தடை. டெங்கு வைரசின் நூறு ஜீனோம்களும் சேர்ந்து பத்து இலட்சம் எழுத்துகளளவே வரும். எந்தப் பழைய கணினியும் அதனைத் தாங்கும். ஒருமுறை இறக்கித் துறையின் கணினியிற் சேமித்துவிட்டால் இணையத்தை எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை. நெல்லின் முழுத் தரவு மிகப் பெரியது. ஆனால் வேண்டிய மூன்று பரம்பரையலகுகளின் பகுதி சிறியது. எதனை விடுவது எனத் தெரிவதும் கல்வியின் ஒரு பகுதியே.

மொழித்தடை இதனிலும் ஆழமானது. நம் மாணவர் உயர்தர வகுப்புவரை தமிழிலோ சிங்களத்திலோ விஞ்ஞானம் பயின்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தை எதிர்கொள்கின்றனர். பரம்பரையலகு, கூர்ப்பு, விகாரம், நிறமூர்த்தம் முதலிய சொற்கள் நம்மிடம் நெடுங்காலமாகப் பள்ளிவழக்கில் உள்ளன. இவற்றைக் கொண்டு பயின்ற மாணவர் சிந்திக்கத் தெரியாதவர் அல்லர். மலையகத் தோட்டப் பாடசாலையிலிருந்து வரும் மாணவியும் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் மாணவனும் விரிவுரை மண்டபத்தில் வாய் திறவாதிருப்பதற்கு அறியாமை காரணமன்று, மொழியே காரணம். சிறு குழுவில் வினாவைத் தாய்மொழியில் விவாதித்து, அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும் வாய்ப்பைப் பிரச்சினைவழிக் கற்பித்தல் அளிக்கின்றது. தமிழ், சிங்கள மாணவர் ஒரே குழுவில் ஒரே தரவின்முன் அமர்வதனால் விளையும் சமூக நன்மையையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

குழுவேலையில் ஒருவர் உழைக்கப் பிறர் பெயர் பெறுதல் உண்டு என்பர். இது மெய். ஆதலால் ஒவ்வொருவரும் தம் பணிக் குறிப்பேட்டைப் பேணுதல், வாய்மொழித் தேர்வில் எந்த உறுப்பினரிடமும் எந்தப் படியையும் வினவுதல், பொறுப்புகளைச் சுழற்சியில் வழங்குதல் என்பன அவசியம். புள்ளிகள் விடைக்கு அன்றி, விடைக்கு வந்த வழிக்கும் அவ்விடையின் எல்லையை உணர்ந்தமைக்கும் வழங்கப்படல் வேண்டும். ஆண்டிறுதியில் மூன்று மணித்தியால வினாத்தாளே முழுப் புள்ளியையும் தீர்மானிக்குமாயின், இத்தகைய செயற்றிட்டங்கள் அனைத்தும் ஹந்தெஸ்ஸவின் கதியையே அடையும். நோயாளரின் தரவைக் கையாளுமிடத்து, பொதுவில் வெளியிடப்பட்டனவற்றை மட்டும் பயன்படுத்துதலும் தனியாளை இனங்காட்டும் விபரங்களை விலக்குதலும் முதல் வகுப்பிலேயே கற்பிக்கப்பட வேண்டிய ஒழுக்கங்களாகும்.

ஆசிரியருக்கும் இதில் ஒரு கடினமான மாற்றம் உண்டு. தாம் முழுதும் அறியாத வினாவைத் தம் மாணவரோடு சேர்ந்து எதிர்கொள்ள அவர் ஆயத்தமாக வேண்டும். உயிரியலாளர் நிரலாக்கத்தையும், கணினியியலாளர் உயிரியலையும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கவேண்டிய இத்துறையில் எவரும் முழுமையான ஆசான் அல்லர். பீடங்களுக்கிடையிலுள்ள சுவர்கள் கல்லாலானவை அல்ல. நேரசூசியாலும் நிருவாகப் பழக்கத்தாலும் ஆனவை. அவற்றைத் தளர்த்துவதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. மூன்று பீடங்களின் மாணவர் பன்னிருவரும், வாரத்தில் ஒரு பிற்பகலும், விடை தேட வேண்டிய ஒரு வினாவும் போதும்.

நம் நோயின் வரிசையும் நம் நெல்லின் வரிசையும் உலகத் தரவுத்தளங்களில் உள்ளன. நாளுக்கு நாள் பெருகவும் செய்கின்றன. அவற்றைப் படித்துப் பொருள் கூறுவோர் யார் என்பது இன்றைய வகுப்பறைகளிலேயே தீர்மானிக்கப்படுகின்றது. அத்தீர்மானத்தில் நம் மாணவருக்கும் பங்கு இருத்தல் வேண்டும் என்பதே நம் துணிபு.